தண்டவாளம் போன வழி

அன்புள்ள கயல்,

நியூசிலாந்தில் ஒட்டாகோ பகுதியில் பழைய ரயில் தடத்தில் சைக்கிள் விடுகிற வீடியோவை அனுப்பி, "நம்ம மலையில இப்படி ஒண்ணு இருக்கா மாமா?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்.

கொடைக்கானலுக்கு ரயில் ஏறியதே இல்லை. கோடை ரோடு என்று பெயர் வைத்துக்கொண்டு நிலையம் கீழே சமவெளியில் நிற்கிறது. அங்கே இறங்கியவர்கள் மாட்டு வண்டி பிடித்துப் பெரியகுளம் பக்கம் வந்து, குதிரையிலோ டோலியிலோ மேலே ஏறினார்கள். மலையேறும் காட் ரோடு 1914இல்தான் கட்டி முடிந்தது. ஆனால் மலையின் மேற்குக் கோடியில், டாப் ஸ்டேஷனில், ஒரு ரயில் ஓடியது. அந்த ஊருக்குப் பெயரே அதனால் வந்ததுதான்.

மூணாறு தேயிலையைக் கீழே இறக்க 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு விநோத வண்டி விட்டார்கள். ஒற்றைத் தண்டவாளம். பாரத்தில் பெரும்பகுதி அதன் மேல் ஓடும் சிறு சக்கரங்களில் இருக்கும். வண்டி சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் மண் ரோட்டில் உருண்டு வரும். இழுப்பது மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலக் குறும்பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்கள் போடிக்கு வரும். 1924 ஜூலை வெள்ளம் பாதையைப் பிய்த்துக்கொண்டு போனது. பிறகு யாரும் திரும்பப் போடவில்லை. போடிக்கு ரயில் வந்ததோ 1928இல். நான்கு வருஷம் முந்தி வந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்று எனக்கு ஒரு சபலம் உண்டு.

இன்றைக்கு மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் போகிற சாலை அதே பள்ளத்தாக்கில்தான் ஏறுகிறது. அது தார் ரோடு. பஸ்ஸும் ஜீப்பும் போகும். ஒட்டாகோ மாதிரி சைக்கிளுக்கென்று ஒதுக்கியது இல்லை. ஆனாலும் நீ அதைத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பேன். ரயில் போன பள்ளத்தாக்கு காலுக்குச் சொல்வது வேறு.

பல் சக்கரம் இல்லாத ரயில் வண்டிக்கு ஏற்றம் ஆகாது. 40 மீட்டர் ஓடி 1 மீட்டர் ஏறுவதற்கே எஞ்சின் திணறும். நீலகிரி ரயில் 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறதென்றால், நடுவே பல் தண்டவாளம் போட்டிருப்பதால்தான். அதனால் ரயில் போட்டவர்கள் மலையைச் சுற்றிச் சுற்றி, மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை போட்டு, சரிவை ஒரே சீராக வைத்தார்கள். குதிரைக்குப் போட்ட பாதை அப்படியில்லை. குதிரை எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏறும்.

இந்தச் சீரான சரிவில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. செங்குத்தான இறக்கத்தில் நீயே பயந்து பிரேக்கைப் பிடிப்பாய். மெல்லிய இறக்கத்தில் வேகம் ஏறுவதே தெரியாது, காற்று காதில் விழும்போதுதான் தெரியும். அந்த நேரம் பார்த்துத் தார் முடிந்து ஜல்லி தொடங்கும்.

சரிவைப் போட்டவர்கள் போய்ச் சேர்ந்து நூறு வருஷம் ஆகிறது, ஆனாலும் சரிவு மாறாது. தரை மட்டும் இன்று அதை யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்கள் கையில் இருக்கிறது. நெடுஞ்சாலைத் துறை முடிந்து பஞ்சாயத்து தொடங்குகிற இடம், எஸ்டேட் கேட், வனத்துறைச் சாவடி, மாநில எல்லை: இங்கெல்லாம் கண்ணைக் கூர்மையாக வை. டாப் ஸ்டேஷனையே பார். நிலம் தேனி மாவட்டம். சாலை வருவதோ கேரளா வழியாக. இப்படி இரண்டு கை மாறுகிற இடத்தில் நடுவிலுள்ள நூறடியை யாரும் தொடமாட்டார்கள். குழி அங்கேதான் இருக்கும்.

இதைப் பழக மூணாறு வரை போக வேண்டாம். உங்கள் கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை ரோடே போதும். பூண்டும் கேரட்டும் ஏற்றிய லாரி வளைவில் திரும்பும்போது அதன் பின் சக்கரம் உள்பக்கம் தாரின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போகும். குனிந்து பார்த்தால் தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் ஆழப் படி விழுந்திருக்கும். உடைந்த ஜல்லி உருண்டு ரோட்டுக்குள் வந்து கிடக்கும். உள் ஓரத்தை ஒட்டித் திரும்பினால் முன் சக்கரம் அந்தப் படியில் இறங்கிவிடும். அப்படியே ஏற்றப் பார்த்தால் டயர் உரசிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடும். இறங்கிவிட்டால் மண்ணிலேயே நேராக ஓட்டி, வேகம் குறைந்த பின் சற்று அகலமாகத் திருப்பி ஏறு. எதிர் வண்டி வருகிறதா என்று தெரியாத வளைவில் உன் பாதியை விட்டு வெளியே போகாதே, மெதுவாகவே திரும்பு.

இன்னொன்று, நிழல். தைல மரமும் பைனும் நிற்கிற பக்கம் தரை காய்வதே இல்லை. இலைச் சருகுக்குக் கீழே பாசி, சிலசமயம் குழி. அங்கே திரும்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. பிரேக்கெல்லாம் அதற்கு முந்திய காய்ந்த தரையிலேயே முடிந்திருக்க வேண்டும். கெட்ட தரைக்குள் நுழைந்த பிறகு முன் பிரேக்கை அழுத்தினால் சறுக்கல்தான்.

குழியைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார். கண் போகிற பக்கம் சைக்கிள் போகும். சீட்டிலிருந்து கொஞ்சம் எழும்பி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்கால் முழங்கை தளர்வாக. ஹேண்டிலை நெரிக்காதே, வண்டி தானே தாவிக்கொள்ளும். ஜல்லியில் காற்றைக் கொஞ்சம் இறக்கு; டயர் பக்கவாட்டில் குறைந்தபட்சம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், அதற்குக் கீழே போனால் ரிம் அடி வாங்கி ட்யூப் வெட்டும். தார் வந்ததும் திரும்ப அடித்துக்கொள். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் ஏற்றத்தில் தொடை சொல்லும்.

அப்புறம் நீ கேட்ட பேரிஜம் வழி. பேரிஜம் ஏரியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு பழைய ரோடு உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வந்தால் வெள்ளைக்காரர்கள் கொச்சிக்குத் தப்பிக்க வைத்திருந்த வழி என்பார்கள். வந்தரவு சிகரத்துப் பக்கம் 2,400 மீட்டருக்கு மேல் ஏறும். 1990இல் மூடிவிட்டார்கள். ஒட்டாகோவில் அந்த ரயில் பாதையை மூடியதும் அதே 1990இல்தான். பத்து வருஷத்தில் 152 கிலோமீட்டர் சைக்கிள் தடமாக்கித் திறந்துவிட்டார்கள். இங்கே காடு அந்த ரோட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. 2013இலிருந்து கொடைக்கானல் காடு வனவிலங்குச் சரணாலயம். அங்கே காட்டுமாட்டுக்கு வழிவிட வேண்டியது நாம். பேரிஜம் போகவே வனத்துறை அனுமதி வேண்டும், அதைத் தாண்டி நினைக்காதே. "யாருக்கும் தெரியாம கூட்டிட்டுப் போறேன்" என்று எவனாவது சொன்னால் 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை அவனுக்குச் சொல். அந்தக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஆகவே மூணாறுக்குச் சுற்றித்தான் வரவேண்டும்: வத்தலக்குண்டு, தேனி, போடி, போடிமெட்டு. எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வா. பெரிய மழை மூணாறுப் பக்கம் ஆனி ஆடியிலும், நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் வரும். மண் சரியும் அந்த மாதங்கள் வேண்டாம், தை மாசம் பார்க்கலாம். மாட்டுப்பட்டிப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு, நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, மூடுபனி இறங்குமுன் திரும்பிவிட வேண்டும். தனியாக இல்லை, நான் ஜீப்பில் பின்னால் வருகிறேன். உன் அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் பின் பிரேக் கட்டை தேய்ந்திருப்பதைப் போன தடவையே பார்த்தேன். அதை மாற்றாமல் பூம்பாறை இறங்காதே. இரண்டு ட்யூப்பும் ஒரு கைப்பம்பும் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிற ஆளிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாமா
போடிநாயக்கனூர்