நிழலும் ஒரு பாடம்தான்



சித்திரைப் பௌர்ணமியன்று ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றைப் பார்க்க எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். அது நம் சகோதர சமயத்தாரின் திருவிழா. ஆனால் அந்தக் கிணற்றைக் கட்டியவர்களின் அறிவு எல்லோருக்கும் பொதுவானது. மேலே வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த நாளிலும் படி இறங்க இறங்க உடம்பு குளிர்கிறது. அங்கே மின்விசிறி இல்லை. மண், கல், தண்ணீர், நிழல் இந்த நான்கும்தான் வேலை செய்கின்றன. அன்றைய கொத்தர்களுக்குத் தெரிந்திருந்த இந்தப் பாடத்தை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தேடும்போதும் மக்தப் கட்டும்போதும் நாம் மறந்துவிடுகிறோம். இந்த மாதம் அதைப் பற்றிச் சிந்திப்போம்.

நாம் கேட்காத கேள்விகள்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? கட்டணம் எவ்வளவு, இங்கிலீஷ் மீடியமா, வேன் நம் தெருவுக்கு வருமா? இவை கேட்க வேண்டியவைதான். ஆனால் வகுப்பறையில் எதிரெதிரே ஜன்னல் இருக்கிறதா, மதியம் இரண்டு மணிக்கு அந்த அறை எப்படி இருக்கும், பிள்ளை ஓடி விளையாட மண் தரை உண்டா, உட்கார ஒரு மர நிழல் உண்டா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

பகலில் ஆறேழு மணி நேரம் பள்ளிக்கூடம், மாலையில் மக்தப் அல்லது டியூஷன் என்று பிள்ளையின் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த அறைகளில்தான் கழிகிறது. 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் முதலில் ஜூன் 7க்குத் தள்ளிப்போய், பிறகு பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 12, தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று மாறியது நினைவிருக்கும். திறப்பதைத் தள்ளிப்போடலாம். திறந்த பிறகு தகரக் கூரையின் கீழ் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன வழி? அவன் தலை கவிழ்ந்தால் ‘படிப்பில் கவனமில்லை’ என்று அவனைத்தான் கடிந்துகொள்கிறோம்.

திண்ணையும் முற்றமும்

மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் எப்படி இருந்தது? பேரீச்ச மரத் தண்டுகள் தூண்கள். அதன் ஓலையே கூரை. நடுவில் திறந்த முற்றம். அதன் ஒரு பக்கம் நிழலான இடம், ‘ஸுஃப்பா’. வீடு வாசல் இல்லாத தோழர்கள் அங்கே தங்கி மார்க்கம் கற்றார்கள். அவர்களைத்தான் நாம் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்தத் திண்ணையில் இருந்தவர்களே. நம் தமிழ்நாட்டிலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள்தான் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தன. கவி தாகூர் 1901இல் வங்காளத்தின் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் இன்றும் மரத்தடியில் வகுப்பு நடக்கிறது. காற்றும் நிழலும் உள்ள இடத்தில் கற்பது வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை அல்ல. நாம் கைவிட்ட பழைய வழக்கம்தான்.

ஆய்வுகள் சொல்வது

சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போல் படித்த பிள்ளைகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் கூடுதல் நேரம் இருந்தவர்களில் அது 30.4 சதவீதம். 2015இல் இந்த முடிவு வெளியானது. வெளியில் உள்ள வெளிச்சமே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். மர நிழலில்கூட அறைக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஐந்து உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த இன்னோர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. மாணவர்களை மூன்று வகை அறைகளில் உட்கார வைத்தார்கள். ஒன்றில் ஜன்னல் இல்லை. ஒன்றில் ஜன்னலுக்கு வெளியே வெறும் கட்டடம். இன்னொன்றில் ஜன்னல் வழியே மரம், செடி. பாட வேலை முடிந்து, சிறிது இடைவேளை விட்டுச் சோதித்தபோது, பசுமையைப் பார்க்க முடிந்தவர்களே கவனச் சோதனையில் நன்றாகச் செய்தார்கள். அவர்களின் மனப் பதற்றமும் விரைவாகத் தணிந்தது. ‘ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்காதே’ என்று அதட்டுகிறோமே, களைத்த மூளை இளைப்பாறுவதற்கும் அந்த ஜன்னல்தான் வழி.

பாதுகாப்பு முதலில்

இயற்கை என்றதும் ஓலைக் கொட்டகை போட்டுவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் உயிரிழந்ததை எந்தத் தாயும் மறக்க மாட்டாள். அதன் பிறகே பள்ளிகளில் ஓலைக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. ஆகவே உறுதியான கூரை, இரண்டு வாசல், தடையில்லாத வழி ஆகியவை முதலில். பட்டுப்போன கிளைகளை மழைக்கு முன்பே கழிக்க வேண்டும். புதர் மண்ட விடக் கூடாது.

நம் பக்கத்துத் தவறு

நம் மக்தப்களையே பார்ப்போம். இலை உதிர்ந்து குப்பையாகிறது என்று வேம்பை வெட்டுகிறோம். சேறாகிறது என்று முற்றம் முழுவதும் சிமெண்ட் பூசுகிறோம். பிறகு வெக்கை தாங்கவில்லை என்று ஃபேனுக்கு வசூல் செய்கிறோம். மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ பிராணியோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகிறது என்ற நபிமொழியை மேடையில் சொல்கிறோம். சுற்றுச்சூழல் நாளில் மரக்கன்று நட்டுப் படமும் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த கோடையில் அந்தக் கன்று இருந்த இடம்கூடத் தெரிவதில்லை. குறை கன்றில் இல்லை. அதற்குப் பொறுப்பாளர் யார் என்று நாம் முடிவு செய்யவில்லை.

இதற்கும் நம் வட்டாரத்திலேயே முன்மாதிரி உண்டு. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், பராந்தக சோழன் காலத்தில் பொறித்த உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக எல்லோரும் புகழ்கிறோம். அந்தக் குடவோலையில் தேர்வானவர்களில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். மரத்துக்கும் தண்ணீருக்கும் பெயர் சொல்லி ஆள் வைத்தார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வாக முடியாது.

நாம் செய்யக் கூடியவை

1. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது அந்தக் குழுவின் வேலை. நம் தாய்மார்கள் கூட்டத்துக்குத் தவறாமல் போய், நிழல், ஜன்னல், மண் தரை ஆகியவற்றை அந்தத் திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்.

2. மேற்கு வெயில்தான் மதிய வகுப்பைச் சுடுகிறது. அந்தப் பக்கம் புங்கை, வேம்பு நடலாம். சுவரை ஒட்டி வேண்டாம், தள்ளி நடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் நட்டால் வேர் பிடிக்கும்.

3. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குடும்பம் பொறுப்பேற்கட்டும். மூன்று கோடை தாண்டும்வரை தண்ணீர் ஊற்றுவது அவர்கள் கடமை. கோடை முடிந்ததும் எத்தனை கன்றுகள் பிழைத்தன என்று ஜமாஅத்தில் கணக்குச் சொல்வோம்.

4. பள்ளிவாசலில் ஐந்து வேளையும் ஒளுச் செய்யும் தண்ணீரில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகிறது. சோப்புக் கலக்காத அந்தத் தண்ணீரை ஒரு வாய்க்கால் வெட்டி மரங்களுக்குத் திருப்பலாம்.

5. மொட்டை மாடியிலும் ஷீட் கூரையிலும் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு குறையும். வெயில் தணிந்த மாலையில் மக்தப் வகுப்பை மரத்தடிக்கு மாற்றுங்கள்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. தேவைப்படுவது தினமும் ஒரு குடம் தண்ணீரும், மறக்காத ஒரு மனிதரும்தான். இன்று நாம் நடும் புங்கை, முதல் வகுப்பில் சேரும் பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் நிழல் தரத் தொடங்கும். நாம் போன பிறகும் அந்த நிழலில் யாரோ ஒரு பிள்ளை ஓதிக்கொண்டிருப்பான். அந்த நன்மையை நம் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.