நிரப்பாது விடும் இடம்

பால்காரர் வாயகன்ற குடத்தில் பாலைச் சுமந்து ஊர் ஊராய்ச் சென்ற காலத்தில், பாலின்மேல் ஒரு பிடி வைக்கோலைச் சுருட்டி இட்டுக்கொள்வது வழக்கம். நடக்கும்போது பால் அலைந்து தளும்பாமல் அவ்வைக்கோல் தடுக்கும். நெல் மூட்டையை ஏற்றிவிட்டால் அஃது ஏற்றிய இடத்திலேயே கிடக்கும். நீர்மப் பொருளோ அவ்வாறு கிடப்பதன்று. வண்டி நின்றாலும் அது முன்னோக்கி ஓடும், வண்டி திரும்பினால் ஒருபுறம் சாயும், வெயில் பட்டால் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். இத்தகைய பொருளைக் கடல் கடந்து கொண்டுசெல்வது எவ்வாறு என்பதை ஈண்டுக் காண்போம்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் மண்ணெண்ணெய் தகரப் பெட்டிகளில் அடைக்கப்பட்டே கீழை நாடுகளுக்கு வந்தது. இரண்டு தகரங்களை ஒரு மரப்பெட்டியில் வைத்து, அப்பெட்டிகளைக் கப்பலில் அடுக்குவர். தகரம் ஒழுகும், இடமும் வீணாகும். இலண்டன் நகர வணிகராகிய மார்க்கஸ் சாமுவேல் என்பவர், கப்பலையே ஒரு பெருந்தொட்டியாக்கி எண்ணெயை அனுப்பக் கருதினார். சூயசுக் கால்வாய்க் குழுவினரோ, தீப்பற்றும் பொருளாதலின், பாதுகாப்பு உறுதியானாலன்றி வழிவிட இசையவில்லை. ஆகவே, வெப்பத்தால் எண்ணெய் விரிவதற்கும் குளிரால் சுருங்குவதற்கும் இடம் விட்டுத் தொட்டிகளை அமைத்தனர். அவ்வாறு கட்டப்பெற்ற 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சூயசுக் கால்வாயைக் கடந்தது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எண்ணெய் மலிவாக வந்தும் மக்கள் முதலில் அதை வாங்கத் தயங்கினர். ஏனெனில், அவர்களுக்கு எண்ணெயைப் போலவே தகரமும் வேண்டியிருந்தது! பின்னர்ச் சாமுவேல் தகரத் தகடுகளையும் அனுப்பி, ஆங்காங்கே டின்கள் செய்வித்தார். நம் நாட்டிலும் மண்ணெண்ணெய் டின் தண்ணீர் சுமக்கும் பாத்திரமாக நெடுநாள் உழைத்ததை முதியோர் அறிவர்.

எண்ணெய்க் கப்பல் பேரளவு சரக்குக்கே ஏற்றது. இருபதினாயிரம் லிட்டர் பழச்சாறோ, இரப்பர்ப் பாலோ, அமிலமோ அனுப்ப விரும்புபவர் என் செய்வார்? நெடுங்காலம் பீப்பாயே கதி. பீப்பாய் உருளும், நசுங்கும்; அதனை ஏற்றும் இடத்தும் இறக்கும் இடத்தும் ஆள் தொடவேண்டும். 1956-இல் அமெரிக்க நாட்டில் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளைத் தன் மேல்தளத்தில் ஏற்றிச் சென்றது. கண்டெய்னர் போக்குவரத்து வளர்வதற்கு அப்பயணம் வழிகோலியது. அக்கப்பல் முன்னர் எண்ணெய்க் கப்பலாய் இருந்ததே என்பது நினைக்கத் தக்கது. அடுத்த பத்தாண்டுக்குள் அப்பெட்டியின் சட்டத்துக்குள் உருளைத் தொட்டியைப் பொருத்தும் முறை தோன்றியது. இதனையே துறைமுகத்தார் டாங்க் கண்டெய்னர் என்பர். நாம் தொட்டிக் கொள்கலம் எனலாம்.

இருபதடி நீளமும் எட்டடி அகலமும் உடைய எஃகுச் சட்டம். அதனுள் துருப்பிடியாத எஃகினாலாகிய உருளை. பெரும்பாலான தொட்டிகள் ஏறத்தாழ 24,000 லிட்டர் கொள்ளும். இருநூறு லிட்டர்ப் பீப்பாய்களாயின் 120 வேண்டும். சட்டத்தின் மூலைகளைப் பாரந்தூக்கி பற்றிக்கொள்ளும். ஆலையில் நிரப்பிய தொட்டி, லாரியிலும் இரயிலிலும் கப்பலிலும் மாறி மாறி ஏறினும், உள்ளிருக்கும் பொருளை ஒருவரும் இடையில் தொடுவதில்லை.

ஆயினும், தொட்டியின் உறுதியைக் காட்டிலும் அதனை எவ்வளவு நிரப்புகிறோம் என்பதே முதன்மையானது. பெட்ரோல் போன்ற எண்ணெய் ஒரு பாகை வெப்பம் ஏறுந்தோறும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். குளிர்நாட்டுத் துறைமுகம் ஒன்றில் 15 பாகையில் நிரப்பிய 24,000 லிட்டர், செங்கடலில் கப்பலின் மேல்தளத்தில் 40 பாகையை எய்தினால், 600 லிட்டர் மிகுதியாகும். மூன்று பீப்பாய் அளவுள்ள அந்த எண்ணெய்க்கு இடம் எங்கே? இடம் இல்லையேல் எஃகு பிளக்கும்.

1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில் லாஸ் அல்பாக்கெஸ் என்னும் விடுமுறைக் கூடாரத் திடலை ஒட்டிய சாலையில், புரொப்பிலீன் ஏற்றிய லாரி ஒன்று சென்றது. அதன் தொட்டியில் ஏற்றத்தக்கது ஏறத்தாழ 19 டன். அன்று ஏற்றியிருந்ததோ 23 டன்னுக்கு மேல். மிகுந்த அழுத்தத்தை வெளிவிடும் காப்பு வால்வும் அதில் இல்லை. நண்பகல் கழிந்த நேரத்தில் தொட்டி பிளந்து தீப்பற்றியது. கடலாட வந்திருந்தோர் உள்ளிட்ட இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அங்ஙனமாயின் பாதியளவே நிரப்பினால் தீங்கில்லையே எனச் சிலர் எண்ணலாம். அதுவும் பிழையே. பாதி நிரம்பிய தொட்டியில் பன்னிரண்டு டன் நீர் தடையின்றி ஓடும். ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் அத்தனை பாரமும் முன்சுவரில் மோதும். வளைவில் திரும்பினால் வண்டியையே கவிழ்க்கும். ஆகவே, உள்ளே தடுப்புத் தகடுகளில்லாத பெருந்தொட்டியில் அபாயகரமான நீர்மத்தை ஏற்றுவோர், ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழுமாக நிரப்பலாகாது என்பது பன்னாட்டு விதி. மேல் எல்லையும் உண்டு: நீர்மம் 50 பாகை வெப்பமடைந்தாலும் தொட்டியில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேல் நிறையக் கூடாது; கொடிய பொருளாயின் 95 பங்கு. பால்காரரின் வைக்கோல் செய்த வேலையையே தடுப்புத் தகடுகள் செய்கின்றன. அவற்றால் தொட்டி சிறு சிறு பகுதிகளாகப் பிரிந்திருப்பின், கீழ் எல்லை பற்றிய விதி தளர்த்தப்படும்.

வெறுந்தொட்டியும் எச்சரிக்கைக்கு உரியதே. ஒரு தகர டப்பாவில் சிறிது நீரைக் கொதிக்கவைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, உடனே இறுக மூடுங்கள். ஆறும்போது டப்பா தானே நசுங்குவதைக் காண்பீர்கள். உள்ளிருந்த நீராவி நீராகிவிட, வெளிக்காற்றின் அழுத்தம் தகரத்தை நெரிக்கிறது. நீராவியால் கழுவிய தொட்டியை ஆறுமுன் மூடிவிட்டால், அத்தடித்த எஃகுருளையும் இவ்வாறே உட்குழியும். அதனால்தான் கழுவுவோர் மேல்மூடியைத் திறந்தே வைத்து ஆறவிடுவர். பின்னர் உள்ளே முந்திய சரக்கின் மணமோ துளியோ எஞ்சியுள்ளதா என ஆராய்ந்து, கழுவியதற்குச் சான்றிதழ் எழுதித் தருவர். பழச்சாறு ஏற்றுபவர் அச்சான்றிதழைப் பார்த்த பின்னரே குழாயைப் பொருத்துவார்.

தொட்டியின்மேல் ஓர் உலோகத் தகடு பதித்திருக்கும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளே அழுத்தம் ஏற்றிச் சோதித்த நாளும், இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இடைச் சோதனையின் நாளும் அதில் வெட்டப்பட்டிருக்கும். நாள் கடந்த தொட்டியில் அபாயகரமான பொருளை நிரப்பி அனுப்புதல் கூடாது.