சீழ் வந்தால் பிடுங்கத்தானா?

ஈறில் சீழ் கட்டி, பல்லும் ஆடினால் அது ஈறு நோய்; பிடுங்குவதைத் தவிர வழியில்லை. இதைச் சொல்லாத பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “எலும்பு கரைஞ்சிருக்கு பாருங்க” என்று ஒத்து ஊதும் பல் மருத்துவர்களும் இருப்பதுதான் எரிச்சல்.

கரைந்தது சரி, கரைத்தது எது? ஈறோரம் படியும் கிருமியும் கரைக்கும். சொத்தையால் நரம்பு செத்து, வேர் நுனி வழியாக வெளியேறும் கிருமியும் கரைக்கும். உள்ளே தேங்கிய சீழ் வழி தேடி ஈறோரமாக வடிந்தால், பார்வைக்கு அசல் ஈறு நோய்தான். எக்ஸ்ரே நிழலை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எது முதலில் தொடங்கியது என்று பார்த்து இவற்றை வகைப்படுத்தும் முறையை சைமன், கிளிக், ஃபிராங்க் என்ற பல் மருத்துவர்கள் மூவரும் 1972-லேயே எழுதிவிட்டார்கள்.

பிரித்தறிய முதலில் குளிர் சோதனை. குளிரூட்டிய பஞ்சைப் பல்லில் வைத்ததும் பக்கத்துப் பல் சுரீரென்கிறது, இந்தப் பல் மட்டும் ஊமையாக இருக்கிறது என்றால் நரம்பின் மேல்தான் சந்தேகம். அடுத்து, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரம் சுற்றிலும் இறக்கி அளக்க வேண்டும். 2, 3, 2 என்று வந்தது ஒரே இடத்தில் 10-க்குச் சரிந்தால், அது சீழ் வடியும் பாதையாக இருக்கலாம். வேர் நெடுக விரிசல் விட்டாலும் அப்படியே சரியும். விரிசல் விட்ட பல்லைக் காப்பாற்றுவது கஷ்டம். சுற்றிலும் 6, 7 என்று அகலமாக இறங்கி, காரையும் படிந்து, நரம்பும் உயிரோடிருந்தால் ஈறு நோய் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நரம்புதான் காரணமென்றால் முதலில் ரூட் கெனால். அதற்கு முன்பே வேரை ஆழமாகச் சுரண்டக் கூடாது. மறுபடி ஒட்ட வேண்டிய நாரிழைகளும் போய்விடும். இரண்டு மூன்று மாதம் பொறுத்து அளந்தால், ஈறோரப் பள்ளம் பெரும்பாலும் மூடியிருக்கும். இரண்டு நோயும் சேர்ந்திருந்தால் நரம்பின் பங்கு ஆறும், மிச்சம் ஈறு சிகிச்சையின் கையில்.

ஆன்டிபயாடிக் போட்டால் போதுமா? செத்த நரம்புக்கு ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா? ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போகுமாம். போகாது.

அந்த அளவுக் கம்பிக்கு மின்சாரம்கூட வேண்டாம். ஆனாலும் பல கிளினிக்குகளில் ட்ரேயில் சும்மாவே கிடக்கிறது. பிடுங்கச் சொன்னால், “குளிர் வெச்சுப் பாத்தீங்களா, எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேளுங்கள். எண்களைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். முகம் சுளித்தால் வேறு கிளினிக்குக்குப் போங்கள்.