ரத்தக் குழாய்க்குள்ளே நடப்பது என்ன?

தோழர்களே, பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் டின்பால் தேத்தண்ணி, பழைய எண்ணெயில் பொரித்த வடை. மத்தியானம் தேங்காய்ப்பால் கறி. வயிறு நிறையுது, உள்ளே என்ன நடக்குதுன்னு யார் பார்த்தா?

கொழுப்பு ரத்தத்தில் கரையாது. அதைச் சுமக்கும் பொதிகளில் ஒன்று எல்.டி.எல். அதைப் பிடித்து இழுத்துக்கொள்ள, முக்கியமாக ஈரலில், நுண்ணிய கொக்கிகள் உண்டு. இவற்றைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க டாக்டர்கள் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உறையும் கொழுப்பை அதிகம் தின்றால் கொக்கிகள் குறைகின்றன. (நாம் குலை வெட்டும் செம்பனையின் எண்ணெயிலும் ஏறக்குறைய பாதி அதுதான்!) எடுக்க ஆளில்லாத பொதி குழாய்ச் சுவருக்குள் நுழைந்து, நாள்பட்ட எண்ணெய்போல் காறிக் கெடுகிறது. காவலுக்கு வரும் வெள்ளணுக்கள் அதை விழுங்கி விழுங்கி, நுரைபோல் ஊதி அங்கேயே மடிகின்றன. வருஷக்கணக்கில் குவியும், வலியே தெரியாது. ஒருநாள் அந்தக் குவியல் வெடித்தால், மேலே ரத்தம் உறைந்து வழி மூடிக்கொள்ளும். அதுதான் மாரடைப்பு.

'வெயில்ல வேலை செய்யிறவனுக்குக் கொழுப்பு கரைஞ்சிடும்' என்பார்கள். உழைப்பு நல்லது, அது மட்டும் போதாது.

கறியை நிறுத்தச் சொல்லலே, அக்கா. தேங்காய்ப்பாலைப் பாதியாக்குங்க, கறுத்த எண்ணெயை மறுபடி காய்ச்சாதீங்க, பருப்பும் கீரையும் கூட்டுங்க. நாற்பது தாண்டிய வீட்டுக்காரரைக் கிளினிக்கில் ரத்தம் சோதிக்க அனுப்புங்க. நீங்களும் கூடவே போங்க.