சுரக்கும் மடியும் கரையும் தசையும்

புதுக்கோட்டையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்கு அணித்தே நார்த்தாமலைக் குன்றுகள் நிற்கின்றன. மேலமலைமீது விசயாலய சோழீச்சுரத்தைக் காணச் செல்வோர் கோயிலையும் கருங்கற் பாறையையும் வியந்து மீள்வர். பாறையிடுக்கில் முளைத்த புதரைக் கடித்துத் திரியும் ஆடுகளை நின்று நோக்குவார் சிலரே. மண்ணும் நீரும் அருகிய அவ்விடத்தே, வேனிற்காலத்தில் ஆட்டுக்குக் கிடைப்பன சருகும் நெற்றும் சிறிது குழையுமேயாம். எனினும், குட்டி ஈன்ற ஆடு நாடோறும் பால் சுரக்கின்றது. அப்பாலிலுள்ள புரதம் எங்கிருந்து வந்தது? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுந்தனம்.

யாம் இலக்கியம் பயில்வோம். உடலியல் எமக்குரிய துறையன்று. ஆயினும் இவ்வினாவை எமக்கு எழுப்பியது கல்வெட்டேயாம். சோழர் காலத்துக் கோயில்களில் நந்தாவிளக்கு எரித்தற்கு ஆடுகளை விடுதல் வழக்கம். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுக்களில், நாள்தோறும் உழக்கு நெய் அளத்தற்பொருட்டு ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்ற கணக்குக் காணப்படுகின்றது. சாவா மூவாப் பேராடு என்பது அக்காலத்துக் கல்வெட்டு வழக்கு. இறந்ததற்கும் மூத்ததற்கும் ஈடாக வேறு ஆடு புகுந்து மந்தையின் தொகை குறையாது நிற்றலின், மந்தைக்குச் சாவும் மூப்பும் இல்லையென்பது அதன் கருத்து. தனி ஆட்டின் நிலை வேறு. ஒவ்வோர் ஈற்றிலும் அது தன் உடம்பினின்றே ஒரு பங்கைப் பாலாக அளந்து கொடுக்கின்றது. கணக்கெழுதினோர் மந்தையை எண்ணினர். யாம் ஓர் ஆட்டின் உள்ளே நிகழ்வதை நோக்குவாம்.

எழுத்துக்கள் தொடர்ந்து சொல்லாவதுபோல, அமினோ அமிலங்கள் என்னும் சிறு பொருள்கள் கோவையாய்த் தொடர்ந்து புரதம் ஆகின்றது. அவ்வமிலங்கள் இருபது வகைப்படும். அவற்றுள் ஒன்பதை உடம்பின் உறுப்புக்கள் தாமே ஆக்கிக்கொள்ள மாட்டா. பால் சுரவாத காலத்தில், தேவைக்கு மிஞ்சிய அமினோ அமிலங்களை ஈரல் சிதைத்து, அவற்றிலுள்ள நைட்ரஜனை யூரியாவாக்கிச் சிறுநீர்வழிப் போக்கிவிடும். தசையும் நாடோறும் சிறிது கரைந்து, கரைந்த அளவே மீண்டும் கட்டப்பெறும். வரவும் செலவும் ஒத்த குடும்பம் அது.

ஈற்றுக்குப் பின்னர் இவ்வொழுங்கு அடியோடு மாறுகின்றது. மடி மட்டும் மிகுதியாக உழைக்க, ஏனைய உறுப்புக்கள் பண்டுபோல் இருப்பனவல்ல. ஈரல், தசை, குடல், கொழுப்பு யாவும் ஒருங்கே பாலுக்கு இசைந்து தத்தம் தொழிலை மாற்றிக்கொள்கின்றன. 1980-ஆம் ஆண்டில் பாமன், கர்ரி என்னும் அறிஞர் இருவர் இக்கருத்தைத் தெளிவுற விளக்கினர். ஆடுமாடுகளில் கறவையின் தொடக்கத்தே இரத்தத்தில் இன்சுலின் குறைகின்றது. வளர்ச்சி ஹார்மோன் மிகுகின்றது. அமினோ அமிலங்களைப் பற்றிவைத்துக்கொள்ளுமாறு தசையை ஏவுவது இன்சுலின். அவ்வேவல் தளரவே, தசை கட்டுவதிற் குறைந்து கரைவதில் மிகுகின்றது. மடியோ இன்சுலினின் ஏவலை எதிர்பாராமலே தனக்கு வேண்டுவதைக் கவர்ந்துகொள்ளும்.

தசை கரைகின்றதென்பதற்குச் சான்று யாது? தசைப் புரதத்தில் மெத்தில் ஹிஸ்டிடின் என்றொரு பொருள் உண்டு. தசை சிதையும்போது அது வெளிப்படும். மறுபடியும் புரதத்திற் சேராது. ஆதலின், மாடுகளில் இரத்தத்திலோ சிறுநீரிலோ அஃது எவ்வளவு மிகுகின்றதோ, அவ்வளவு தசை கரைந்ததென்று கொள்ளலாம். கன்று ஈன்ற பசுக்களில் முதற் சில வாரங்களில் அது மிகுதலை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர்.

இனி மடிக்கு வருவாம். இப்பகுதியே எமக்குப் பெருவியப்பை விளைத்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரையடுத்த பாப்ரகாம் ஆராய்ச்சி நிலையத்தில் லின்செல் என்பார் வெள்ளாடுகளைக் கொண்டே இதனை ஆராய்ந்தார். அவரும் மெப்பம் என்பாரும் 1966-இல் வெளியிட்ட ஆராய்ச்சி புகழ் பெற்றது. முறை எளிது. மடிக்குட் புகும் இரத்தத்திலும் மடியினின்று மீளும் இரத்தத்திலும் ஒவ்வோர் அமினோ அமிலமும் எவ்வளவு உளதென அளந்து, வேற்றுமையை இரத்தவோட்டத்தின் அளவாற் பெருக்கினால், மடி எடுத்துக்கொண்டது தெரியும். ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 400 முதல் 500 லிட்டர் இரத்தம் மடியின் ஊடே ஓட வேண்டும். எடுத்ததைப் பாலிற் கொடுத்ததனோடு ஒப்புநோக்கினால் மடியின் கணக்கு வெளியாகும்.

இத்தகைய ஆராய்ச்சிகளால், கணக்கு எல்லா அமிலங்களுக்கும் ஒருபடித்தாய் இல்லையென்பது புலனாயிற்று. மெத்தியோனின், ஹிஸ்டிடின் முதலியவற்றை மடி எவ்வளவு வாங்குகின்றதோ ஏறக்குறைய அவ்வளவே பாலில் வைக்கின்றது. வீண் சிறிதும் இல்லை. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்னும் மூன்றையும் பாலுக்கு வேண்டியதினும் மிகுதியாக வாங்குகின்றது. ஆர்ஜினினை இன்னும் மிகுதியாக, இருமடங்குக்கும் மேலாகவே வாங்கும். எம்மனோர்க்கு இது மிகைபடக் கூறல் என்னும் குற்றம் போலத் தோன்றும். ஆனால் அம்மிகை வீணன்று. பாலின் முதன்மைப் புரதமாகிய கேசீனில் குளுட்டாமிக் அமிலமும் புரோலினும் மிகுதி. இரத்தத்திலிருந்து மடிக்கு வரும் புரோலின் போதாது. ஆகவே ஆர்ஜினினின் ஒரு பகுதியை மடி புரோலினாக மாற்றிக்கொள்கின்றது. லியூசின் முதலியவற்றின் நைட்ரஜனைக் கழற்றிக் குளுட்டாமிக் அமிலம் முதலியன செய்துகொள்கின்றது. எஞ்சியதை எரித்து ஆற்றல் பெறுகின்றது. மடியை வெறும் வடிகட்டியென்று எண்ணியிருப்போர் அக்கருத்தை விடுதல் வேண்டும்.

ஓர் அமிலம் மட்டும் அருகினால் மடி என் செய்யும்? 2000-இல் வெளியான ஓராராய்ச்சியில், வெள்ளாடுகளுக்கு ஹிஸ்டிடினை மட்டும் குறைத்துப் பார்த்தனர். மடி தன்பால் வரும் இரத்தவோட்டத்தை மிகுவித்தது. ஹிஸ்டிடினைப் பற்றியெடுக்கும் திறனைப் பன்மடங்கு பெருக்கிற்று. போதுமளவு கிடைத்த பிறவற்றைப் பற்றுந் திறனைத் தளர்த்திற்று. பாலின் புரதமோ சிறிதே குறைந்தது.

நார்த்தாமலை ஆட்டுக்கு இன்னொரு துணையும் உண்டு. அசைபோடும் அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், தாழ்ந்த தீவனத்தின் நைட்ரஜனிலிருந்தும் எல்லா வகை அமினோ அமிலங்களையும் ஆக்கித் தம் உடலாக வைத்துக்கொள்ளும். பின் அவையே ஆட்டுக்கு உணவாகும். தீவனம் மிகக் குறைந்தாலோ நுண்ணுயிரும் குறையும். அப்போது தசையே கதி.

மனிதத் தாய்க்கு அத்துணை இல்லை. தாய்ப்பாலில் 100 மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதமே உண்டு. பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். ஆறு நாளில் இருமடங்காக வளரும் முயற்குட்டியின் தாய்ப்பாலிலோ 10 கிராமுக்கு மேல். நம் குழந்தை மெல்ல வளர்வதாதலின் அளவு சிறிது. ஆனால் உணவு குறைந்த இடத்து நிகழ்வது ஒன்றே.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உளது. 1918-இல் நீலகிரிக் குன்னூரில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த கூடமே இன்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அக்கூடத்தில் உழைத்த, சேலத்திற் பிறந்த சி. கோபாலன் 1950-களில் வறிய தாய்மாரின் பாலை ஆராய்ந்தார். அவர்தம் உணவிற் புரதம் மிகக் குறைந்திருந்தும், பாலின் புரத விகிதம் நல்லுணவு உண்பாரின் பாலினின்று பெரிதும் வேறுபடவில்லை. இதனைக் கேட்டு மகிழ்வார் மகிழ்க. குழந்தைக்கு அது நன்றே. குறையை ஏற்பது தாயின் தசையென்பதையும் உடன் நினைத்தல் தகும். பால் குறையவில்லை, ஆதலின் தாய்க்குக் குறையில்லை என்று கூறும் வீட்டார் பலர். ஆட்டின் மடி நமக்குக் கற்பித்தது அக்கூற்றுக்கு நேர்மாறானது.

பத்தியம் என்ற பெயரால் பருப்பையும் மீனையும் முட்டையையும் பிள்ளை பெற்றவளுக்கு விலக்குவது சில வீடுகளில் இன்றும் உண்டு. வேறு சில வீடுகளிற் பாற்சுறாப் புட்டும் கருவாடும் கொடுப்பர். இவ்வழக்கே எமக்கு அறிவுடையதாகத் தோன்றுகின்றது. வெறுஞ்சோற்றில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. இரண்டுஞ் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 கிராம் புரதமும், அடுத்த ஆறு மாதங்களில் 13 கிராமும், வழக்கமான அளவுக்கு மேலாக வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. பாலிற் செல்லும் புரதம் இதனினும் குறைவே. உண்ட புரதம் முழுவதும் பாற்புரதமாக மாறாதாகலின் மிகுதி கூட்டப்பட்டது. உலர்ந்த துவரம்பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. எனவே முதல் ஆறு மாதத்துக்குரிய அம்மிகுதிக்கு, அவள் நாடோறும் உண்பதன்மேல் 75 கிராமுக்குச் சற்று மிகுந்த பருப்பு, அல்லது அதற்கு ஈடான மீனோ முட்டையோ, அவள் தட்டில் விழ வேண்டும்.