பீலியின் அடிக்காம்பைப் பாருங்கள்

கேள்வி: விராலிமலைக்குப் போயிருந்தபோது மலையடியில் கிடந்த மயிலிறகுகளை என் மகள் பொறுக்கி வந்தாள். "மயிலைப் பிடித்துப் பிடுங்கியதாக இருக்கும், வீட்டில் வைத்திருந்தால் கேஸ் ஆகிவிடும்" என்கிறார் எதிர்வீட்டு அக்கா. உண்மையா? வருஷக்கணக்கில் வைத்திருந்தாலும் நிறம் மங்காது என்கிறார்களே, ஏன்?
- ஒரு வாசகி, அம்பர்நாத் கிழக்கு

பதில்: பயப்பட வேண்டாம், அம்மா. இணைசேரும் பருவம் முடிந்ததும் ஆண்மயில் தன் தோகையை ஆண்டுதோறும் தானே உதிர்த்துவிடும். பிறகு சில மாதங்களில் புதிதாக வளர்ந்துவிடும். விராலிமலையில் மயில்கள் நிறைய இருப்பதால் உதிர்ந்த பீலி கண்ணில் படுவது சகஜம்.

சந்தேகம் தீர, இறகின் அடிக்காம்பைப் பாருங்கள். தானாக விழுந்தது என்றால் நுனி வெளுத்து, மூடி, சுத்தமாக இருக்கும். பிடுங்கியதில் இரத்தக்கறையோ தசைத் துணுக்கோ ஒட்டியிருக்கும். வனத்துறையினரும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தோகையை வால் என்கிறோம். அது வாலே அல்ல. வாலுக்கு மேல் முளைக்கும் இறகுகள்தான் அப்படி நீள்கின்றன. நிஜ வால் குட்டையாக, பழுப்பாக, விரித்த தோகைக்குப் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்கிறது. ஆடும் மயிலைப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் தெரியும்.

நிறத்துக்கு வருவோம். பீலிக்கண்ணை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள் உங்கள் மகளை. நீலமும் பச்சையும் மறைந்து பழுப்பு மட்டும் தெரியும். இறகில் இருக்கும் சாயம் அது ஒன்றுதான். அந்தச் சாயத்தின் நுண்ணிய குச்சிகள் இழைகளுக்குள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுக்கின் இடைவெளிக்கு ஏற்ப ஒளி நீலமாகவோ பச்சையாகவோ திரும்பி வருகிறது. சாயமாக இருந்தால் வெயிலில் வெளுத்துவிடும். இது அமைப்பு என்பதால் அடுக்கு குலையாதவரை நிறம் நிற்கும். 2003-இல் சீன விஞ்ஞானிகள் இதைத் துல்லியமாக விளக்கினார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மயில் தோகையைச் சிலிர்க்கும்போது நொடிக்குச் சுமார் 25 முறை அதிர்கிறது. ஆனாலும் பீலிக்கண்கள் மட்டும் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அக்கண்களின் இழைகள் நுண்கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம்.

சட்டம்? மயில் 1963 முதல் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. உதிர்ந்த பீலியை வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் தடை. ஆனால் கடையில் விலைக்கு வாங்குவதாக இருந்தால், காம்பு நறுக்கப்பட்ட கட்டுகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். கறையை மறைக்கவும் அப்படி நறுக்குவதுண்டு. சந்தேகமிருந்தால் உங்கள் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 என்ற எண்ணில் சொல்லிவிடுங்கள்.