விருதுநகர் வட்டாரத்தில் சாக்கும் சணலும்: பயன்பாடும் சொற்பொருளும்

ஊறவைத்த சணல் தண்டின் நாரால் நெய்யப்படும் முரட்டுத்துணி சாக்கு. கோணி என்பதும் இதுவே. விருதுநகர்க் கிட்டங்கிகளில் வற்றலும் பருப்பும் அடைக்கப்படும் இதற்குத் தளர்ந்த நெசவே தகுதி. உள்ளிருக்கும் சரக்குக்குக் காற்றுப் புகும். குத்தூசியால் மாதிரி எடுத்தபின் விலகிய இழைகளைத் தேய்த்துவிட்டால் துளை மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் சாக்கிலோ கிழிசல் நிற்கும்.

சிவகாசியில் அதே நாரின் பணி நேர்மாறானது. அணுகுண்டு வெடியின் மேல் இறுகச் சுற்றிய சணல் நூல், மருந்து எரிகையில் எழும் வளிமத்தை அடக்கிவைத்து ஓசையைப் பெருக்குகிறது.

பழஞ்சாக்கு வீட்டில் மிதியடி. மூலையை மூலைக்குள் மடித்துக் கவிழ்த்தால் மழைக்குக் கொங்காணி. சணற்பையைச் சுட்டிய பெயர் இன்று 'பிளாஸ்டிக் சாக்கு' என்னும் வழக்கில் கொள்கலத்தை மட்டுமே சுட்டுகிறது. எனவே சாக்கிற்குச் 'சணற்பை' என்று மட்டும் பொருளெழுதுவது வட்டார அகராதிக்கு இனிப் போதாது.